தமிழுக்கு வந்தபோது தொலைந்த ‘மே’: தகடூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு

எங்க பக்கத்து வரலாற்றை இணையத்தில் தேடிப் பாருங்க. எல்லா வாக்கியமும் ‘ஆகும்’, ‘ஆவார்’ என்றே முடியும். ராயக்கோட்டை மலைக்கோட்டையைக் கட்டியவர் ஜெகதேவராயர் ஆவார். பாராமகால் என்பது பன்னிரண்டு கோட்டைகள் ஆகும். இந்த நடுகல் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகும். படிக்கிறவருக்கு ஒரு நிம்மதி. சந்தேகம் என்பதே இல்லாத ஊர் போலிருக்கு.

இதில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இறங்கிய சரக்கு. சேலம் மாவட்டத்துக்கு லெ ஃபானு தயாரித்து 1883இல் வந்த மேனுவல், எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வந்த கெசட்டியர், கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள், எபிகிராஃபியா இண்டிகா தொகுதிகள். (தர்மபுரி 1965 வரைக்கும் சேலத்தில்தான் இருந்தது, கிருஷ்ணகிரி 2004 வரைக்கும் தர்மபுரியில். அதனால பழைய சங்கதிக்கு எப்பவும் சேலம் புத்தகத்தைத்தான் புரட்டணும்.) இந்த வகை ஆங்கில எழுத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. தெரிந்ததற்கு ஒரு வினை, ஊகத்துக்கு வேறொரு வினை. ‘மே’, ‘மைட்’, ‘மஸ்ட்’, ‘வுட்’, ‘குட்’ என்று சின்னச் சின்னத் துணைவினைகள். தமிழுக்கு வரும்போது தகவல் வந்து சேர்ந்துவிட்டது, துணைவினை நடுவழியிலேயே இறங்கிவிட்டது.

உதாரணத்துக்கு நடுகல்லையே எடுத்துக்குவோம். கல்லில் அரசன் பேரோ ஆட்சியாண்டோ இல்லை என்றால் கல்வெட்டாய்வாளர் எழுத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் காலம் சொல்ல வேண்டும். எழுத்து மெதுவாக மாறுகிற பொருள். ஒரே தலைமுறையில் பழைய கையும் இருக்கும், புதிய கையும் இருக்கும். ஆகவே அவர் ஒரு நூற்றாண்டைச் சொல்லிவிட்டு, ‘எழுத்தமைதியைக் கொண்டு இந்த நூற்றாண்டில் வைக்கலாம்’ என்று எழுதுவார். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்பது ‘மே பி அசைன்ட்’. அடுத்து ஒருவர் அதைத் தமிழில் ‘சேர்ந்தது’ என்று எழுதுகிறார். மூன்றாவது ஆள் ‘ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையான’ என்று தலைப்பு போடுகிறார். நூறு வருஷ அகலம் இருந்த ஒரு மதிப்பீடு, ஒரு பிறந்த தேதி மாதிரி ஆகிவிட்டது. பொய் யாரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு சொல்லை மட்டும் விட்டார்கள்.

ஆங்கிலத் துணைவினைகளுக்குள் ஏற்ற இறக்கம் உண்டு. ‘மஸ்ட் ஹேவ் பீன்’ என்றால் சாட்சி நேரடியாக இல்லை, ஆனால் இருக்கிற சான்றுகளை வைத்துப் பார்த்தால் வேறு வழியில்லை என்று அர்த்தம். ‘மே’ என்றால் நடக்கக்கூடியதுதான், ஆனால் எதிர்ப்பக்கமும் திறந்திருக்கு. ‘மைட்’ அதைவிட ஒரு படி கீழே. பள்ளிக்கூடத்தில் ‘மே’யின் இறந்தகாலம் ‘மைட்’ என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆய்வெழுத்தில் அது காலத்தைச் சொல்வதைவிட நம்பிக்கை குறைவதைத்தான் அதிகம் சொல்லும். ‘குட்’ இன்னும் கீழே, தடையில்லை என்கிற அளவுக்கு. ‘வுட் சீம்’ என்பது தனி ரகம். சான்று அந்தப் பக்கம் சாய்கிறது, ஆனா நான் முழுசா சாயலை என்கிற தொனி.

இந்தப் படிகளுக்கு எண் கொடுக்க முடியுமா? அமெரிக்க உளவுத்துறையில் இருந்த ஷெர்மன் கென்ட் இதில் நேரடியாகச் சிக்கினார். 1951இல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடக்க ‘கணிசமான சாத்தியம்’ உண்டு என்று அவருடைய குழு ஒரு அறிக்கை எழுதியது. அப்படின்னா எவ்வளவு என்று வெளியே ஒருவர் கேட்க, கென்ட் திரும்பிப் போய்த் தன் குழுவினரையே கேட்டார். ஒருவர் மனதில் நூற்றுக்கு எண்பது, இன்னொருவர் மனதில் நூற்றுக்கு இருபது. ஒரே வாசகத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். 1964இல் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றைக்கும் பேசப்படுகிறது. எழுதினவர்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருந்தால், இன்னொரு மொழிக்குப் போகும்போது என்ன மிஞ்சும்?

ஓசூர் கம்பெனிகளில் தர ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதே சொற்கள் வேறு முகத்தோடு பழக்கம். ஐஎஸ்ஓ தரநிலைகளில் ‘ஷால்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் அனுமதி, ‘கேன்’ என்றால் இயலும். அங்கே ‘மே’யில் ஐயம் கிடையாது. ஆடிட்டர் வந்து நின்றால் ‘ஷால்’ இருக்கிற வரியைத்தான் முதலில் பார்ப்பார். பகலெல்லாம் அதைப் படித்துவிட்டு ராத்திரி கெசட்டியரைத் திறந்தால் அதே ‘மே’ அனுமதி தருவதை நிறுத்திவிட்டு சந்தேகப்பட ஆரம்பித்திருக்கும். ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு தொழில். இடம் பார்த்துத்தான் படிக்கணும்.

தமிழில் இதுக்கு வழியே இல்லை என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நம்மிடம் ‘-லாம்’ இருக்கு. ‘செய்யல் ஆம்’ என்பதுதான் ‘செய்யலாம்’ ஆனது. ‘-கூடும்’ இருக்கு. ‘-இருக்க வேண்டும்’ இருக்கு, அது அப்படியே ‘மஸ்ட்’. சங்க காலத்துக்குப் போனால் ‘கொல்’ என்று ஒரு இடைச்சொல், ஐயப் பொருளுக்கென்றே. தொல்காப்பியம் இடையியலில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ‘போலும்’ இருக்கு. உரையாசிரியர்கள் தங்களுக்கு ஒப்பாத பொருளைக்கூட ‘என்பாரும் உளர்’ என்று சொல்லிப் பதிவு செய்துவிட்டுத்தான் மேலே போவார்கள். சரக்கு இருக்கத்தான் செய்கிறது.

ஆனா சிக்கலும் இருக்கு. ‘வந்திருக்கலாம்’ என்று எழுதினால் வந்தாரா என்பது தெரியாது என்றும் பொருள், வந்திருக்கக் கூடாதா என்ற மனத்தாங்கலும் பொருள். ‘வந்திருக்க வேண்டும்’ என்றால் கண்டிப்பா வந்திருப்பார் என்றும் எடுக்கலாம், வரவேண்டியவர் வரலை என்றும் எடுக்கலாம். இதைவிட வேடிக்கை ‘கூடும்’. ‘இருக்கக்கூடும்’ என்றால் ஊகம். எதிர்மறையாக்கி ‘இருக்கக்கூடாது’ என்று எழுதிப் பாருங்க, ஊகம் காணாமல்போய் தடையுத்தரவு வந்து நிற்கும். ‘மே நாட் பி’ என்பதை ‘இல்லாமலும் இருக்கலாம்’ என்று சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கு. அவசரத்தில் மொழிபெயர்க்கிறவர் அந்தச் சுற்றைச் சுற்ற மாட்டார். ‘இல்லை’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்.

பத்திரிகைத் தமிழ் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது: ‘கூறப்படுகிறது’. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘மே’ போடுகிறவர், என் கணக்கு இவ்வளவுதான் என்று தானே முன்வந்து சொல்கிறார். ‘கூறப்படுகிறது’ போடுகிறவர் யாரோ சொன்னார்கள், எனக்குத் தெரியாது என்று ஒதுங்கிக்கொள்கிறார். முன்னதை மறுக்கலாம், வாதாடலாம். பின்னதோடு யார் போய் வாதாடுவது?

சரி, இதெல்லாம் இலக்கணச் சண்டையா என்று கேட்டால், இல்லை. எங்க பகுதியின் மிகப் பழைய பெயர் கிட்டத்தட்ட நூற்றைம்பது வருஷம் இந்தச் சொற்களுக்குள்தான் மாட்டிக் கிடந்தது.

அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்ததைப் பற்றியது. தன் நாட்டுக்குள் மட்டுமல்ல, எல்லைக்கு வெளியே இருப்பவர்களிடமும் செய்ததாகச் சொல்லிப் பட்டியல் தருகிறது: சோழர், பாண்டியர், சதியபுதோ, கேரளபுத்திரர், தாமிரபரணி வரை. 1830களின் கடைசியில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்த பிறகு இந்தப் பட்டியல் உலகத்துக்குத் தெரிந்தது. சோழர், பாண்டியர், சேரர் யார் என்பதில் பிரச்சினையில்லை. நடுவில் நிற்கிற இந்த சதியபுதோ யாரு?

இங்கிருந்துதான் ‘மே’, ‘மைட்’ மழை. ரா. கோ. பண்டார்கர் மராட்டியத்தில் ‘சாத்புதே’ என்ற குடும்பப் பெயர் இருப்பதைச் சுட்டினார். வின்சென்ட் ஸ்மித் சத்தியமங்கலம் பக்கம் கை காட்டினார். துளு நாடு என்று ஒரு தரப்பு. ‘சத்தியம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு காஞ்சிக்குப் போனவர்கள் உண்டு. சொன்ன சொல் தவறாதவர் என்று சங்க இலக்கியம் புகழும் கோசர்தான் அவர்கள் என்று சொன்னவர்களும் உண்டு. கே. ஜி. சேஷ ஐயர் தகடூர் அதியமான் மரபு என்று வாதிட்டார். தகடூர்தான் இன்றைய தர்மபுரி. ராயக்கோட்டையில் ரயில் ஏறினால் சேலம் போகிற வழியில் வரும் ஊர்.

இந்த ஊகங்கள் எல்லாம் ஒரே எடை கிடையாது. பண்டார்கர் வழியை எடுத்துக்குங்க. அசோகன் இவர்களை எல்லைக்கு வெளியே வைக்கிறான். ஆனால் மும்பைக்குப் பக்கத்தில் சோபாராவிலேயே அவன் கட்டளை கிடைத்திருக்கு. 1892இல் லூயிஸ் ரைஸ் சித்ரதுர்கா மாவட்டத்தில் பிரம்மகிரி முதலான இடங்களில் அசோகன் கட்டளைகளைக் கண்டுபிடித்தார். அவன் ஆட்சி அவ்வளவு தெற்கு வரை வந்திருக்கும்போது ‘வெளியே’ என்பதை மராட்டியத்தில் தேடுவது கஷ்டம். அந்த ‘மைட்’ அப்பவே மெலிந்துவிட்டது.

அதியமான் வழி வேறு மாதிரி. அதற்கு ஒலி இலக்கணம் துணை நின்றது. சொல் முதலில் வரும் சகரம் தமிழில் உதிர்வது உண்டு. ஓசூர் சந்தையில் நின்றால் காதாலேயே கேட்கலாம். கன்னடத்தில் ‘சாவிர’ என்பார்கள், அடுத்த கடைக்காரர் ‘ஆயிரம்’ என்பார். இரண்டும் ‘சகஸ்ர’விலிருந்து வந்ததுதான். அப்படியானால் ‘சதிய’ என்பது ‘அதிய’ ஆகும். ‘புத்திரன்’ என்றால் மகன், ‘மகன்’ சுருங்கினால் ‘மான்’, சேரமான், மலையமான் மாதிரி. சதியபுத்திரன், அதியமான். அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் பொருந்துவதும் நடந்ததும் ஒன்றில்லை. அழகாகப் பொருந்தித் தப்பாய்ப்போன சொற்பிறப்பு எத்தனையோ உண்டு. கையில் கல் இல்லாதவரை அது ‘மே’தான். அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டவர்கள் கோழைகள் இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள்.

1981இல் கல் கிடைத்தது. திருக்கோவிலூர்ப் பக்கம் பெண்ணையாற்றை ஒட்டிய ஊர் ஜம்பை. (இந்தப் பெண்ணைதான் ஓசூர்ப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கிருஷ்ணகிரி அணை வழியாக அங்கே போகிறது.) அங்கே மலைக்குகை ஒன்றில் தமிழ்நாடு தொல்லியல் துறை ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தது. இரா. நாகசாமி அப்போது துறையின் இயக்குநர். ஒரே வரி: ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’. சதியபுதோவான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று பொருள். அசோகன் கல்லில் இருந்த அதே பட்டமும், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில். ஐந்தாறு சொல்தான், நூற்றைம்பது வருஷக் கட்டுரைகளை ஒரு ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டது.

இப்போ எல்லா ‘மே’யையும் எடுத்துவிடலாமா? இங்கேதான் நிதானம் வேணும். கல்வெட்டு உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: அதியன் நெடுமான் அஞ்சி என்பவன் தன்னை சதியபுதோ என்று அழைத்துக்கொண்டான், அல்லது அப்படி அழைக்கப்பட்டான். இதில் ‘ஆகும்’ போடலாம். அசோகன் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. ஜம்பை எழுத்தை ஐராவதம் மகாதேவன் கி.பி. முதல் நூற்றாண்டில் வைக்கிறார். நடுவில் சுமார் முந்நூறு வருஷம். அசோகன் குறிப்பிட்டது இதே குடியின் முன்னோரைத்தான் என்பதற்கு நேரடிச் சாட்சி இல்லை, ஆனால் வேறு விளக்கம் எதுவும் இவ்வளவு எளிதாக நிற்காது. அங்கே வர வேண்டியது ‘இருக்க வேண்டும்’. சங்கப் பாடல்களின் அஞ்சியும் இந்தக் கல்லின் அஞ்சியும் ஒரே ஆளா? இருக்கலாம், என் மனசில் அது ‘இருக்க வேண்டும்’ பக்கம் சாய்கிறது. ஆனா அதே பெயரில் பேரன் ஒருவன் இருந்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? அசோகன் காலத்திலேயே இந்தக் குடியின் தலைநகர் தகடூராகத்தான் இருந்ததா? ஜம்பையில் தகடூர் என்ற சொல்லே இல்லை. அது வெறும் ‘மைட்’.

ஒரே பத்தியில் நாலு வினை, நாலு எடை. தமிழில் எழுத முடிகிறது பாருங்க. ஆனால் இன்று பரவலாகப் படிக்கக் கிடைப்பது, ‘அசோகரால் குறிப்பிடப்பட்ட, தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி’ என்ற ஒற்றைத் தொடர். மூன்று நூற்றாண்டு ஒரு காற்புள்ளிக்குள் அடங்கிவிட்டது. அசோகனும் அஞ்சியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியது போல ஆகிவிட்டது.

எல்லை ஊரில் இது சின்ன விஷயமில்லை. ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவாங்க. 1956க்கு முன்னும் பின்னும் எந்த ஊர் எந்த மாநிலம் என்ற பேச்சு ஓயவில்லை. ஒரு நடுகல் கிடைத்தால் அடுத்த வாரமே அது யாருடையது என்ற சண்டை. கங்கர் காலம் என்றால் ஒரு தரப்புக்கு மகிழ்ச்சி, நுளம்பர் என்றால் இன்னொரு தரப்புக்கு, அதியமான் என்றால் வேறொரு தரப்புக்கு. கல்வெட்டாய்வாளர் ‘மே’ என்று எழுதியிருப்பார். அதை அவரவர் மொழியில் அவரவர் ‘ஆகும்’ ஆக்கிக்கொண்டு வருகிறார்கள். சதியபுதோவுக்கும் இதேதான் நடந்தது. துளு நாடு என்றவர், கோசர் என்றவர் எல்லாம் தயக்கத்தோடு எழுதியதை, பின்னால் வந்தவர்கள் தயக்கத்தைக் கழித்துவிட்டு ஊர்ப் பெருமையாக்கினார்கள். ஜம்பைக்குப் பிறகு நம்ம பக்கம் கொஞ்சம் பலமாகிவிட்டதால் நாமும் அதையே செய்கிறோம்.

ராயக்கோட்டைக் கதையே இதுக்கு நல்ல சோதனை. 1791இல் மேஜர் கௌடியின் படை கோட்டையைப் பிடித்தது. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை இந்தப் பக்கம் பாளையமடித்திருந்து, இங்கிருந்துதான் திப்புவின் நாட்டுக்குள் நுழைந்தது. இதற்கெல்லாம் அப்போதே எழுதிய கடிதங்களும் குறிப்புகளும் இருக்கின்றன. எந்த ‘மே’யும் தேவையில்லை, தாராளமாக ‘பிடித்தது’, ‘நுழைந்தது’ என்று எழுதலாம். கோட்டையை முதலில் கட்டினது யார் என்பதற்கு வந்தால் கையில் இருப்பது ராயர் என்ற பெயரும் வழிவழியாக வந்த கதையும். அங்கே ‘ஜெகதேவராயர் கட்டியிருக்கலாம்’ என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். ஒரே பக்கத்தில் இரண்டு வகை வாக்கியமும் இருந்தால் படிக்கிறவருக்கு எது கடிதத்தில் இருந்து வந்தது, எது வாய்வழியாக வந்தது என்பது தானாகத் தெரிந்துவிடும். அடிக்குறிப்புகூட வேண்டாம்.

பாராமகால் விஷயம் இதைவிடக் குழப்பம். ‘பாரா’ என்றால் பன்னிரண்டு என்பதில் பிரச்சினையில்லை. எந்தப் பன்னிரண்டு என்று கேட்டால் பட்டியலுக்குப் பட்டியல் கோட்டைகள் மாறுகின்றன. எண்ணைக் காப்பாற்றுவதற்காக ஒன்றைச் சேர்ப்பதும் ஒன்றை விடுவதுமாக இருக்கு. கிடைத்த பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த ஊர் எத்தனை பட்டியலில் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதை அடுத்த பதிவில் போடுகிறேன்.